புதிய போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள்: தோற்றத்தையும் கைவாகையும் எப்படி எடைபோடுவது?

மலைமுகடு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நெருங்கிய நண்பர் ஒருவர் புதிதாக வெளிவந்த போல்ட் ஆக்‌ஷன் வேட்டை ரைபிள் (போல்ட் என்ற உருளையைக் கையால் திறந்து மூடி ஒவ்வொரு தோட்டாவாக ஏற்றும் துப்பாக்கி) ஒன்றை வாங்கி, "நன்றாகப் பார்த்துச் சொல்" என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்னும் ஒரு தோட்டாகூட அதில் சுடப்படவில்லை. அதனால் குறி எப்படி என்று பேசப்போவதில்லை. கண்ணுக்கும் கைக்கும் அது எப்படி இருக்கிறது என்பது மட்டும்தான் பேச்சு. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே விடுகிறேன். பெயரைச் சொன்னால் துப்பாக்கியை விட்டுவிட்டுப் பெயருக்காகச் சண்டை போடத் தொடங்கிவிடுவோம்.

தோட்டா வகை .308 வின்செஸ்டர். 56 செ.மீ. குழல், முனையில் மரையும் அதற்கொரு மூடியும். கறுப்பு பிளாஸ்டிக் கட்டை (தோளிலும் கையிலும் பிடிக்கும் உடல்). மூன்று பூட்டுமுளைகள் (மூடிய போல்ட்டைப் பூட்டிவைக்கும் முனைப்புகள்) கொண்ட போல்ட், 60 டிகிரி தூக்கினால் திறக்கிறது. கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் மேகசின் (தோட்டாப் பெட்டி). சேஃப்டி (தவறிச் சுடாமல் தடுக்கும் பொத்தான்) ரிசீவரின், அதாவது போல்ட் ஓடும் இரும்புக் கூட்டின், பின்னால், கட்டைவிரல் விழும் இடத்தில். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் 3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு.

முதலில் தோற்றம். தூரத்திலிருந்து பார்த்தால் கச்சிதமாக இருக்கிறது. கிட்டே வந்தால் ஒவ்வொன்றாகக் கண்ணில் படுகிறது. ரிசீவரின் பக்கத்தைக் குழல்விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்து, விளக்கின் பிரதிபலிப்பு அதன்மேல் எப்படி ஓடுகிறது என்று பார்த்தேன். மேற்பரப்பு சமமாகத் தேய்க்கப்பட்டிருந்தால் அந்த வெளிச்சக்கோடு நேராக ஓடும். இதில் ஸ்கோப் திருகுத் துளைகளை நெருங்கும்போது கோடு உள்ளே வளைகிறது. மெருகுச் சக்கரத்தில் அவசரமாகப் பிடித்ததால் துளையைச் சுற்றிக் குழிந்துவிட்டது என்று பொருள். பொறித்த எழுத்துகளின் ஓரங்களும் மழுங்கியிருக்கின்றன. இதனால் சுடுவது எந்த வகையிலும் கெடாது. ஆனால் கடைசி அரை மணி நேர வேலையைச் செய்யாமல் விட்டவர்கள் உள்ளே எதையெல்லாம் விட்டிருப்பார்கள் என்ற கேள்வி எனக்கு வருகிறது.

விசைக்காப்பு வளையம் கட்டையோடு சேர்ந்த பிளாஸ்டிக் வார்ப்பு. அடிப்பக்கம் தடவினால் அச்சின் இணைப்புக்கோடு விரலில் தட்டுப்படுகிறது. போல்ட்டின் உடலில் சுருள் பள்ளங்கள் வெட்டியிருக்கிறார்கள், அழகாக இருக்கிறது. கைப்பிடியின் சரிவும் குமிழின் அளவும் நன்றாக அமைந்திருக்கின்றன. பக்கவாட்டில் பார்க்கும்போது குழலின் கோடும் முன்கட்டையின் கோடும் ஒன்றையொன்று விட்டு விலகாமல் போகின்றன. இந்த விலைத்தரத்தில் இதை எதிர்பார்க்கவில்லை.

இனி கைவாகு. இதில்தான் எனக்கு அழுத்தமான கருத்து ஒன்று இருக்கிறது. கடையில் துப்பாக்கியைக் கையில் வாங்கும் நிலையில் எல்லாமே அதற்குச் சாதகம். ஸ்கோப் கிடையாது, மேகசின் காலி, நாம் மெல்லிய சட்டையில் நிமிர்ந்து நிற்கிறோம், போல்ட் ஏற்கெனவே காக் ஆகியிருக்கிறது, அதாவது உள்ளே ஸ்பிரிங் அழுந்திச் சுடத் தயாராக நிற்கிறது. அந்த நிலையில் மோசமாகத் தோன்றும் துப்பாக்கி அநேகமாக உலகத்திலேயே இல்லை. அதனால் நான் அதை வேட்டைக்குக் கொண்டுபோகும் நிலைக்கு மாற்றினேன். அறையையும் மேகசினையும் கண்ணாலும் விரலாலும் பார்த்துக் காலி என்று உறுதிசெய்துகொண்டு, சுமார் 600 கிராம் எடையுள்ள ஸ்கோப்பை வளையங்களோடு ஏற்றி, வார் மாட்டி, மருந்தோ, அதைப் பற்றவைக்கும் கேப்போ இல்லாத பயிற்சித் தோட்டாக்களை மேகசினில் நிரப்பினேன்.

துப்பாக்கியே மாறிவிட்டது. வெறுமையாக இருந்தபோது நிறைசமநிலை, இரும்புப் பகுதியைக் கட்டையோடு பிடிக்கும் முன்பக்க ஆக்‌ஷன் திருகுக்கு நேராக இருந்தது. அது நல்ல இடம். ஸ்கோப் ஏறியதும் எடை மேலே போய், தோளுக்குக் கொண்டுவரும்போது பக்கவாட்டில் சாயப் பார்க்கிறது. கட்டையின் கன்னமேடு (கன்னம் பதியும் மேல்விளிம்பு) தாழ்வாக இருப்பதால் கன்னத்தைப் பதித்தால் கண் ஸ்கோப்புக்குக் கீழே நிற்கிறது. முகத்தைத் தூக்கினால் தாடைதான் கட்டையில் படுகிறது.

போல்ட்டையும் அப்படியே சோதித்தேன். காக் ஆன நிலையில் தூக்கினால் ஒரு விரலுக்கு வருகிறது. விசையை இழுத்து விடுவித்தபின் தூக்கினால், துப்பாக்கி தோளிலிருந்து நகராமல் என்னால் அதைத் திறக்க முடியவில்லை. இரண்டாவது குண்டுக்கு வேண்டியது இந்த இரண்டாவது நிலைதான்.

நீங்கள் எந்தெந்த இடங்களைப் பார்ப்பீர்கள்? நண்பர் இதை வைத்துக்கொள்ளலாமா, இதே துப்பாக்கியின் வால்நட் மரக்கட்டை வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாமா என்றும் யோசிக்கிறார்.

---

புதுவரவு எழுதியது:

அண்ணா, ஒரு சந்தேகம். 60 டிகிரி என்றால் 90 டிகிரியைவிடக் குறைவாகத்தானே தூக்க வேண்டும்? பிறகு ஏன் கடினமாக இருக்கிறது? நாள்பட ஓட ஓட இளகிவிடுமா?

---

பழைய_இரும்பு எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. போல்ட்டைத் தூக்கும்போது நீங்கள் செய்வது பூட்டைத் திறப்பது மட்டுமல்ல. கேப்பைத் தட்டும் ஃபயரிங் பின்னின் ஸ்பிரிங்கையும் அதே அசைவில் அழுத்துகிறீர்கள். சுட்டபின் என்றால், அறையில் இறுகிய தோட்டாக்கூட்டைப் பிடுங்கும் முதல் இழுப்பும் அதிலேயே அடங்கும். இந்த வேலை எந்தத் துப்பாக்கியிலும் ஏறத்தாழ ஒன்றுதான். 90 டிகிரியில் பரப்பிச் செய்ததை 60 டிகிரிக்குள் முடிக்க வேண்டுமானால், சரிவு செங்குத்தாகும், கை அதிகம் உழைக்கும்.

அப்படியானால் எதற்காகக் குறைத்தார்கள்? ஸ்கோப்புக்காக. 1898ஆம் ஆண்டின் மவுசர் ராணுவத் துப்பாக்கியில் கைப்பிடி பக்கவாட்டில் நேராக நீட்டிக்கொண்டிருந்தது, 90 டிகிரி தூக்கினால் நேராக மேலே போய் நிற்கும். அங்கே இடையூறாக எதுவும் இல்லை. பிற்காலத்தில் ஸ்கோப்பைத் தாழ்வாக மாட்டத் தொடங்கியதும் கண்ணாடிக்கும் கைப்பிடிக்கும் நடுவே விரல் போக இடம் தேவைப்பட்டது. 1958இல் வந்த வெதர்பி மார்க் 5 ஒன்பது பூட்டுமுளைகளோடு 54 டிகிரியில் திறந்தது. அதன் பிறகு பலரும் மூன்று முளை, 60 டிகிரி என்று போனார்கள். டிக்கா டி3 2003இல் இரண்டு முளைகளையே வைத்துக்கொண்டு 70 டிகிரியில் நின்றது. எனக்கு அந்த நடுவழி பிடிக்கும்.

இளகுமா என்று கேட்டீர்கள். சொரசொரப்பு இளகும், ஸ்பிரிங்கின் பலம் இளகாது. காக் ஆகும் சரிவிலும் பூட்டுமுளைகளின் பின்முகத்திலும் ஒரு பொட்டு கிரீஸ் வைத்து நிறையத் தடவை திறந்து மூடினால் தேய்ந்து வழவழப்பாகும். அதற்கு மேல் இலேசாக வேண்டுமென்று ஸ்பிரிங்கை வெட்டவோ சியரை (விசை இழுக்கும்வரை ஃபயரிங் பின்னைப் பிடித்துவைக்கும் கொக்கியை) கல்லில் தேய்க்கவோ கூடாது. ஒன்றில் கேப் வெடிக்காமல் போகும், மற்றதில் வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்கும்.

மலைமுகடு, போல்ட்டைக் கடைசிவரை பின்னால் இழுத்துவைத்துக்கொண்டு பக்கவாட்டில் ஆட்டிப் பார்த்தீர்களா?

---

மலைமுகடு எழுதியது:

பார்த்தேன் ஐயா. ஆட்டம் மிகக் குறைவு. போல்ட் உடலும் பூட்டுமுளைகளும் ஒரே விட்டம். தண்டவாளத்தில் போவதுபோல நேராகப் போகிறது, எங்கும் சிக்கவில்லை.

---

பழைய_இரும்பு எழுதியது:

நல்லது. ஆனால் ஆட்டமே இல்லாததைப் பெருமையாகவும் ஆட்டம் இருப்பதைக் குறையாகவும் எழுதுவதை ஒவ்வொரு விமர்சனத்திலும் பார்க்கிறேன். அது சரியான அளவுகோல் அல்ல. மவுசர் 98 திறந்த நிலையில் லொடலொடவென்று ஆடும். மூடும்போது இறுகிவிடும். அந்த இடைவெளியால்தான் சேற்றிலும் மணலிலும் அது ஓடியது. வழவழப்புக்குப் பெயர்பெற்ற 1903 மான்லிஷர்-ஷோனவர் வேறு ரகம். கைப்பிடி ரிசீவரின் பின்பாலத்தை (மேலே குறுக்காகப் போகும் பின்வளைவை) பிளந்துகொண்டு போகும், ஷோனவரின் சுழல் மேகசின் தோட்டாவை உரசாமல் ஏற்றும். கையில் எடுத்தவர்கள் மறக்க மாட்டார்கள். ஆனால் பின்பாலம் பிளந்திருப்பதால் அதில் ஸ்கோப் மாட்டுவது பெரும்பாடு.

நான் பார்ப்பது சிக்குகிறதா என்பதைத்தான். போல்ட் கைப்பிடியின் குமிழை மேல்நோக்கி அழுத்தியபடி முன்னால் தள்ளுங்கள். பிறகு கீழ்நோக்கி அழுத்தியபடி தள்ளுங்கள். பதற்றத்தில் யாரும் நேராகத் தள்ளுவதில்லை. அந்தக் கோணல் தள்ளலிலும் போல்ட் போக வேண்டும்.

அடுத்தது எக்ஸ்ட்ராக்டர், அதாவது தோட்டாவை அறையிலிருந்து இழுக்கும் கொக்கி. உங்களுடையது தோட்டா மேகசினைவிட்டு எழும்போதே அதன் விளிம்பைப் பிடிக்கும் அகலக் கொக்கியா, போல்ட் மூடும்போது மட்டும் கவ்வும் சிறு கொக்கியா?

---

மலைமுகடு எழுதியது:

சிறு கொக்கிதான் ஐயா. தள்ளி ஏற்றும் முறை. கூட்டை வெளியே தள்ளும் எஜெக்டர் போல்ட் முகத்தில் ஸ்பிரிங்கோடு இருக்கிறது.

---

பழைய_இரும்பு எழுதியது:

அப்படியானால் ஒரு சோதனை செய்யுங்கள். பயிற்சித் தோட்டாவைப் பாதிவரை தள்ளிவிட்டு, மூடாமல் போல்ட்டைப் பின்னால் இழுங்கள். அகலக் கொக்கி என்றால் தோட்டா கூடவே திரும்பி வரும். சிறு கொக்கியில் அது அங்கேயே கிடக்கும், அடுத்த தள்ளலில் இரண்டாவது தோட்டா அதன் பின்னால் போய் முட்டும். வின்செஸ்டர் மாடல் 70 1936இல் அகலக் கொக்கியோடு வந்து, 1964இல் அதை விட்டதும் வேட்டைக்காரர்கள் மனம் ஆறவில்லை. அந்த மாற்றத்துக்கு முந்தைய துப்பாக்கிகளை இன்றும் தேடி வாங்குகிறார்கள். 1990களில் நிறுவனமே பழைய முறைக்குத் திரும்பியது. மறுபக்கம், ரெமிங்டன் 700 1962இலிருந்து தள்ளி ஏற்றும் முறையிலேயே எண்ணற்ற வேட்டைகளைக் கண்டிருக்கிறது. அதனால் இதைக் குறை என்று சொல்ல மாட்டேன். போல்ட்டைக் கடைசிவரை இழுத்துக் கடைசிவரை தள்ளும் பழக்கம் உங்கள் நண்பருக்கு வேண்டும் என்று சொல்வேன்.

---

கட்டைத்தச்சன் எழுதியது:

என் தொழிலே கட்டை செதுக்குவதுதான், அதனால் அந்தப் பக்கம் மட்டும் பேசுகிறேன்.

வால்நட் வடிவத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மரம் என்றதும் எல்லோரும் பின்கட்டையில் இருக்கும் கோலத்தைப் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது கழுத்தை, அதாவது கை சுற்றிப் பிடிக்கும் ஒடுங்கிய பகுதியை. ரேகைகள் அங்கே கழுத்தின் போக்கிலேயே நீளவாட்டில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால், எவ்வளவு அழகான மரமானாலும் ஒருநாள் பின்னுதைப்பிலோ கீழே விழுந்தோ அங்கேதான் பிளக்கும். சுழிக்கோலம் பின்கட்டையில் இருக்கட்டும், கழுத்தில் வேண்டாம். முன்கட்டையிலும் ரேகை நேராக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஈரத்துக்கு ஈரம் முறுக்கிக்கொண்டு குழலைத் தள்ளும்.

அடுத்து கீறல்வேலை. பிடியில் வெட்டும் சதுரக் கட்டங்கள் கையால் வெட்டியிருந்தால் ஒவ்வொரு கட்டமும் வைரம்போல உச்சியில் கூர்ந்திருக்கும். விரலை ஓட்டினால் தோலைப் பிடிக்கும். லேசரில் சுட்டது பெரும்பாலும் தட்டை உச்சியோடு, பள்ளத்தில் கருகிய நிறத்தோடு இருக்கும். பார்வைக்கு ஒழுங்காக இருந்தாலும் ஈரக் கையில் வழுக்கும். 1960களில் சூடான அச்சால் மரத்தை அமுக்கிக் கோலம் போட்டார்கள், அதில் வைரங்கள் மேலெழாமல் உள்ளே குழிந்திருக்கும். அதைவிட லேசர் எவ்வளவோ மேல்.

இரும்பும் மரமும் சேரும் இடம்தான் எனக்கு அழகு. ரிசீவரைச் சுற்றி மரம் இரும்பைவிட ஒரு மயிரிழை உயர்ந்து, இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருந்தால், செய்தவர் நின்று நிதானமாகச் செய்திருக்கிறார். இப்போது வரும் பல துப்பாக்கிகளில் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே விரல்நகம் போகும் அளவு இடைவெளி. எனக்கு அது கண்ணை உறுத்துகிறது.

கன்னமேடு தாழ்வு என்றீர்களே, அது மரக்கட்டை வடிவத்திலும் அப்படியேதான் இருக்கும். இரண்டையும் ஒரே அளவில்தான் பெரும்பாலும் செய்வார்கள். மரத்துக்கு மாறினால் அந்தக் குறை தீரும் என்று எண்ண வேண்டாம்.

---

நேர்க்குறி எழுதியது:

> எனக்கு அது கண்ணை உறுத்துகிறது.

தச்சரே, உங்கள் வேலைமேல் மரியாதை உண்டு. இந்த இடத்தில் மட்டும் ஒத்துப்போக முடியவில்லை. அந்த இடைவெளி அலட்சியம் அல்ல. குழல் எதையும் தொடாமல் நின்றால்தான் சூடானாலும், மரம் ஈரத்தில் உப்பினாலும், குண்டு விழும் இடம் மாறாது. நெருக்கமாகப் பொருத்திய அழகான முன்கட்டை மழைக்காலத்தில் குறியை நகர்த்திவிட்டால் அந்த அழகு யாருக்கு? சாயம் போன பிளாஸ்டிக் கட்டையில் குறி மாறாத துப்பாக்கியைத்தான் நான் அழகு என்பேன்.

---

கட்டைத்தச்சன் எழுதியது:

இடைவெளி வேண்டாம் என்று சொல்லவில்லை நண்பரே. ஒரு தாள் தடையில்லாமல் ஓடும் அளவு போதும் என்கிறேன். மூன்று தாள் போகும் இடைவெளி, அதுவும் ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் குறுகல் என்றால், அது குறிக்காக விட்டது அல்ல. அச்சு சரியாக வராததை மறைக்க விட்டது.

மலைமுகடு, முன்கட்டையின் நுனியைக் கையால் இறுகப் பிடித்துக் குழலோடு சேர்த்து அழுத்திப் பாருங்கள். பிறகு ஒரு பைமேல் முன்கட்டையைச் சாய்த்துவைத்து, படுத்துச் சுடும்போது கொடுக்கும் பாரத்தைக் கொடுத்துவிட்டுத் தாளை ஓட்டுங்கள்.

---

பனிமூட்டம் எழுதியது:

குளிரில் வேட்டைக்குப் போகிறவன் என்ற முறையில் இரண்டு மூன்று விஷயங்கள்.

தடித்த கையுறையோடு விசைக்காப்பு வளையத்துக்குள் விரல் போகிறதா, விசையில் உரசாமல் நிற்கிறதா? மேகசின் விடுவிக்கும் பித்தானைக் கையுறையோடு அழுத்த முடிகிறதா? அதைவிட முக்கியம், முழங்காலில் உரசி அது தானாக விழுந்துவிடாமல் இருக்கிறதா?

பிறகு ஓசை. சேஃப்டியை முன்னால் தள்ளும்போது 'டக்' என்று கேட்டால், அமைதியான காலையில் மான் தலையைத் தூக்கிவிடும். கட்டைவிரலால் கீழே அழுத்தி மெதுவாக நகர்த்தினால் ஓசையில்லாமல் போகிறதா என்று பாருங்கள். உள்ளீடற்ற பிளாஸ்டிக் கட்டையை விரல் முட்டியால் தட்டினால் பறை மாதிரி அதிரும், கிளை உரசினாலும் அதே சத்தம்தான். உள்ளே நுரை நிரப்பிய கட்டைகள் அப்படி அதிராது.

நிறைந்த மேகசினோடு துப்பாக்கியை மெல்லக் குலுக்கிப் பாருங்கள். தோட்டாக்கள் முன்னும் பின்னும் நகர்ந்து ஓசை எழுப்பினால் நாள் முழுவதும் கூடவே வரும்.

---

இடக்கையாளி எழுதியது:

எங்களைப் போன்றவர்களை யாரும் நினைப்பதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். பின்னால் நடுவில் இருக்கும் சேஃப்டி இரு கைக்கும் பொது, அதற்கு என் வாழ்த்து. ஆனால் பிடியில் உள்ளங்கைக்கென்று ஒரு பக்கம் மட்டும் புடைத்திருந்தால் அது வலக்கைக்காரருக்காகச் செய்தது. இடக்கையில் அது விரல்நுனிகளை வெளியே தள்ளும், விசையை நேராக இழுக்க விடாது. பின்கட்டை வலப்பக்கம் சற்று விலகியிருந்தாலும் அப்படியே, கண் ஸ்கோப்பின் நடுவை விட்டு நகரும்.

அந்த நண்பர் வலக்கைக்காரராகவே இருக்கட்டும், எந்தக் கண் ஆளும் கண் (குறிபார்க்கும்போது இயல்பாக முந்தும் கண்) என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். துப்பாக்கி பொருந்தவில்லை என்று சொல்கிறவர்களில் சிலருக்குப் பொருந்தாதது அதுதான்.

---

நேர்க்குறி எழுதியது:

எடையைப் பற்றி யாரும் பேசவில்லையே. 3 கிலோவுக்குக் குறைவு என்பதை மலைமுகடு நல்ல செய்தியாக எழுதியிருக்கிறார். மலை ஏறும்போது நல்ல செய்திதான். ஒரே தோட்டாவை 3.6 கிலோ துப்பாக்கியிலும் 2.7 கிலோ துப்பாக்கியிலும் சுட்டால், இலேசானதில் பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். உதைக்குப் பயந்து கண்ணை மூடுகிறவர்களுக்கு விசை எவ்வளவு சுத்தமாக இருந்தும் பயனில்லை. .308க்கு, ஸ்கோப்போடு சேர்த்து மூன்றரை கிலோவை ஒட்டி இருந்தால் போதும் என்பது என் கணிப்பு.

முனையில் மரை இருப்பதால் ஒலியடக்கி மாட்டும் எண்ணம் இருந்தால், அதையும் மாட்டிவிட்டு நிறைசமநிலையைப் பாருங்கள். 56 செ.மீ. குழலுக்கு முன்னால் இன்னொரு சாண் நீளம் சேர்ந்தால் முனை கனத்துப்போகும். அந்த நோக்கம் உள்ளவர்கள் 51 செ.மீ. குழலையே எடுப்பது நல்லது.

---

மலைமுகடு எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சொன்னவற்றைச் செய்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

பழைய_இரும்பு ஐயா சொன்ன கோணல் தள்ளலில் போல்ட் இரண்டு திசையிலும் சிக்காமல் போகிறது. கிரீஸ் வைத்தபின் சொரசொரப்பும் குறைந்திருக்கிறது. தூக்கும் கனம் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் இரு விரலால் குமிழைப் பிடித்துத் திருகாமல், உள்ளங்கையின் ஓரத்தால் மேலே தட்டித் தூக்கினால் துப்பாக்கி தோளிலேயே நிற்கிறது. நண்பருக்கு இதைப் பழக்கிவிடலாம். இரட்டைத் தோட்டா முட்டல் நீங்கள் சொன்னபடியே நடந்தது.

தச்சர் சொன்ன தாள் சோதனையில்தான் துப்பாக்கி தோற்றது. சும்மா இருக்கும்போது தாள் ரிசீவர்வரை தடையில்லாமல் ஓடுகிறது. பைமேல் சாய்த்துப் பாரம் கொடுத்தால் முன்கட்டையின் நுனி வளைந்து இடப்பக்கம் குழலைத் தொடுகிறது, தாள் அங்கேயே நிற்கிறது. வாரை இறுக்கிப் பிடித்தாலும் அப்படியே. இவ்வளவு அகலமாக இடைவெளி விட்டும் தொடுகிறது என்றால் பிளாஸ்டிக் அவ்வளவு மெலிது. நேர்க்குறி, நீங்கள் பிளாஸ்டிக்கின்மேல் வைத்த நம்பிக்கை இந்தக் கட்டைக்குப் பொருந்தவில்லை.

ஓசையில் சேஃப்டி தேறிவிட்டது, மேகசினும் தேறிவிட்டது. கட்டை அதிர்கிறது. ஆளும் கண் வலதுதான். ஒலியடக்கி மாட்டும் எண்ணம் நண்பருக்கு இல்லை.

---

நேர்க்குறி எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், அந்தக் கட்டை வேண்டாம். உலோகப் பகுதி நன்றாகத்தானே இருக்கிறது. கட்டையை மட்டும் மாற்றுங்கள். கண்ணாடியிழைக் கட்டையோ, மெல்லிய மரத்தகடுகளை ஒட்டிச் செய்த லாமினேட்டோ இரண்டுமே நுனியில் வளையாது. லாமினேட் கொஞ்சம் கனம், ஆனால் அதனால் உதை சற்றுக் குறையும்.

---

கட்டைத்தச்சன் எழுதியது:

லாமினேட்டுக்கு நானும் கை தூக்குகிறேன். கன்னமேட்டை ஸ்கோப்பின் உயரத்துக்கு ஏற்ப உயர்த்தியே செதுக்கலாம். முன்னோக்கி மிக இலேசாகத் தாழும்படி விட்டால் பின்னுதைப்பில் கட்டை கன்னத்தை விட்டு விலகும், வெதர்பி பாணியில் இருக்கும் நல்ல அம்சம் அது. ஆக்‌ஷன் உட்காரும் திருகுத் துளைகளில் அலுமினியத் தூண்கள் வைத்துவிட்டால் மரம் அமுங்காது.

அளவு அனுப்புங்கள். விசையிலிருந்து பின்கட்டை முனைவரை எவ்வளவு வேண்டும்? கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளில் வைத்து, பிறகு கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். ஸ்கோப்புக்குள் முழு வட்டம் உடனே தெரிகிறதா, தலையை முன்னே நீட்டவோ பின்னே இழுக்கவோ வேண்டியிருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள்.

---

மலைமுகடு எழுதியது:

இப்போதைய நீளம் 35 செ.மீ. வேட்டைக்கு அணியும் தடித்த மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு, ஸ்கோப்போடு நண்பரைக் கண்ணை மூடி எடுக்கச் சொன்னேன். பின்கட்டை அக்குளில் மாட்டிக்கொண்டது, வட்டத்தின் கீழ்ப்பாதி இருட்டாகத் தெரிந்தது. மெல்லிய சட்டையில் 35 சரியாகவே இருக்கிறது. மேல்சட்டையோடு 34 போதும் என்று தோன்றுகிறது. கன்னமேடு எவ்வளவு உயர வேண்டும் என்பதற்கு, அட்டைத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போனோம். வட்டம் முழுதாகத் தெரிந்தபோது உயரம் 14 மி.மீ. அட்டையைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறேன், துப்பாக்கியோடு சேர்த்துக் கொண்டுவருகிறேன்.

---

கட்டைத்தச்சன் எழுதியது:

14 என்றால் போல்ட்டைக் கழற்றும்போது அது கன்னமேட்டில் இடிக்கும். மேட்டின் முன்பகுதியில் ஒரு பள்ளம் விட வேண்டியிருக்கும், அல்லது ஸ்கோப் வளையங்களைத் தாழ்வானவையாக மாற்றிக்கொண்டால் 9 அல்லது 10இல் முடிக்கலாம். முன்கண்ணாடியின் விட்டம் எத்தனை மி.மீ.? குழலுக்கும் அதற்கும் நடுவே இப்போது எவ்வளவு இடம் இருக்கிறது?

---

மலைமுகடு எழுதியது:

42 மி.மீ. கண்ணாடி, குழலுக்கு மேலே 8 மி.மீ. காலியாகத்தான் இருக்கிறது. தாழ்வான வளையங்களையே வாங்கச் சொல்கிறேன். அவை வந்ததும் அட்டையைப் பிரித்து மறுபடி அளந்துவிட்டு உங்களிடம் வருகிறோம்.